பிளசர் கார் சில வீடுகளில் மட்டும் எப்படி அப்படியே கிடக்கிறது?

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பழைய வீட்டுக் கொட்டகையில் 1930களின் பிளசர் (சொந்த உபயோகத்துக்கான கார்) ஒன்றை, பாக்கார்ட் என்ற அமெரிக்கச் சொகுசுக் காரை, பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெயின்ட், தோல் சீட், மீட்டர்கள் எல்லாம் கப்பலில் வந்திறங்கியபடியே இருக்கின்றன என்கிறீர்கள். அதே வயதுள்ள வேறொரு பெரிய கார் தூத்துக்குடியில் தொட்டால் உதிரும் நிலையில் கிடந்ததையும் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் காலத்து இரும்பு கெட்டி என்பதாலா, நம்ம ஊர் வெயில் காரணமா, வீட்டுக்காரர்கள் பொத்திப் பொத்தி வைத்ததாலா என்பது கேள்வி. கடைசி வரியில், பேரன் கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் காருக்குப் புதுப் பெயின்ட் அடிக்கப்போகிறார்கள், நல்லதுதானே என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் இதில் இரண்டு இருக்கின்றன. ஒரு கார் ஏன் சாகவில்லை என்பது ஒன்று. சாகாத கார் ஏன் மாறவும் இல்லை என்பது இன்னொன்று. எண்பது வயதைத் தாண்டிய கார்கள் தமிழ்நாட்டில் கொஞ்சம் இருக்கத்தான் செய்கின்றன. நான் பார்த்தவரை அவற்றில் முக்கால்வாசி மூன்று நான்கு தடவை பெயின்ட் வாங்கி, சீட்டுக்கு ரெக்சின் தைத்து, சில சமயம் இன்ஜினையே மாற்றிப் பிழைத்தவை. தொழிற்சாலையில் பூசிய பெயின்டோடு நிற்கிற கார் அபூர்வம். உயிரோடு இருப்பதற்கான காரணங்களும் மாறாமல் இருப்பதற்கான காரணங்களும் வேறு வேறு. சில நேரம் ஒன்றுக்கொன்று எதிரானவையும்கூட.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமா படித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் முப்பத்து நான்கு ஆண்டு பட்டறை வைத்திருந்தவன். சோற்றுக்கு அம்பாசடரும் ஜீப்பும், ஆசைக்குப் பழைய கார். சுதந்திரத்துக்கு முந்தைய கார்களில் நான் கைவைத்துப் பார்த்தவை இருபதுக்குள்தான் இருக்கும். அதனால் துரு, பெயின்ட், மரம் என்று பேசும்போது உறுதியாகச் சொல்வேன். குடும்பம், பணம், வழக்கு என்று பேசும்போது அந்த இருபது காரை வைத்து ஊகிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரும்புக் கதை. இது பாதிதான் உண்மை. தகடு கனமாக இருந்தது, சரி. ஆனால் துருவைத் தாங்குவதில் 1930களின் தகடு இன்றைய சாதாரணக் காரின் தகட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. இன்று தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. பாடி முழுவதையும் பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலைமுடுக்கெல்லாம் படிய வைக்கிறார்கள். அன்று வெறும் இரும்பின்மேல் பிரைமர், அதன்மேல் பெயின்ட், அவ்வளவுதான். கதவின் உட்பக்கம் பல கார்களில் அதையும் ஒப்புக்குத்தான் அடித்திருப்பார்கள். பிறகு ஏன் பழைய இரும்பு கெட்டி என்று தோன்றுகிறது? கெட்டதெல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது, மிஞ்சியதை மட்டும் பார்த்து நாம் பேசுகிறோம். எங்கள் ஆச்சி வீட்டு வெண்கலப் பானையைப் பார்த்து 'அந்தக் காலத்துப் பானை' என்போம். உடைந்துபோன மண்பானைகளை யார் கணக்கு வைத்தார்கள்?

உண்மையில் உதவியது இரும்பைவிட அதன் வடிவம். அந்தக் கார்களுக்கு லாரி மாதிரி தனிச் சேசிஸ், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், உண்டு. பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்த கனமான வாய்க்கால் வடிவம். தண்ணீர் பட்டால் வழிந்துவிடும், காற்று பட்டுக் காய்ந்துவிடும். பின்னால் வந்த, பாடியே சேசிஸாக இருக்கிற கார்களில் கதவுக்கு அடியில் மூடிய பெட்டி போன்ற பகுதி இருக்கும். சேறும் ஈரமும் உள்ளே போனால் வெளியே வராது. அது உள்ளிருந்தே தின்னும். எங்கள் பட்டறையில் டிங்கர் வேலை பாதிக்கு மேல் அந்த இடத்தில்தான். இன்னொரு சமாசாரம், பழைய இன்ஜின்கள் எண்ணெய் ஒழுக்கும். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டின் பின்பக்கம் இன்று இருப்பதுபோல ரப்பர் சீல் கிடையாது. கயிறு பேக்கிங் இருக்கும், அல்லது எண்ணெயை உள்ளே திருப்பிவிடும் மரை இருக்கும். அது சிந்திச் சிந்திச் சேசிஸ் முழுக்கப் பரவி, புழுதியோடு சேர்ந்து கருப்பாகக் கெட்டியாகிவிடும். 1930களின் ரோல்ஸ் ராய்ஸ் பேன்டம் கார்களில் டிரைவர் காலால் ஒரு பெடலை மிதித்தால் சேசிஸ் மூட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் போகும் ஏற்பாடு உண்டு. அதுவும் அடிப்பாகத்தை நனைத்தே வைத்திருக்கும். அந்த அழுக்கைச் சுரண்டிப் பாருங்கள், அடியில் பெயின்ட் புதுசாக இருக்கும்.

ஆனால் சொகுசுக் காருக்கு இன்னொரு எதிரி உண்டு, அதுவும் நம் செம்மண் காட்டில். இரண்டாம் உலகப் போர் வரைக்கும் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி சேசிஸும் இன்ஜினும் மட்டும்தான் கொடுத்தது. பாடியை பார்க்கர், ஹூப்பர் போன்ற தனிக் கம்பெனிகள் கட்டின. ஆஷ் என்கிற மரத்தில் சட்டம், அதன்மேல் பெரும்பாலும் அலுமினியத் தகடு. தகடு துருப்பிடிக்காது, இரும்பைத் தொடும் இடத்தில் மட்டும் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். மரம்தான் பிரச்சினை. கறையானுக்கு அது விருந்து. வெளியே தகடு மின்னும், கதவைத் திறந்தால் கதவு கையோடு வரும். அப்படி ஒரு காரை நான் பார்த்திருக்கிறேன். மூட்டைத் தட்டினால் பொரி மாதிரிக் கொட்டியது. அமெரிக்கக் கார்களில் 1930களின் நடுவிலிருந்து முழு எஃகு பாடி பரவிவிட்டது. உங்கள் பாக்கார்டின் வருஷத்தைப் பார்த்தால், கதவுத் தூணுக்குள் மரம் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அவசியமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

சரி, வெயில் பூமி. காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் இரும்பில் துரு வேகம் பிடிக்கும். அதற்குக் கீழே தூங்கும். உப்பு படிந்திருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். கடல் உப்பில் இருக்கிற மக்னீசியம் குளோரைடு, 33 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கத் தொடங்கிவிடும். ஜாடியில் வைத்த கல்லுப்பு கசிகிறதல்லவா, அதேதான். தூத்துக்குடியில், உவரியில், திருச்செந்தூரில் காரின்மேல் படிகிற உப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கோடையிலும் அந்த இரும்பு ஈரத்தோடுதான் இருக்கிறது. நீங்கள் பார்த்த இரண்டு கார்களுக்கும் நடுவில் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

உள்நாட்டுப் பக்கம் நமக்கு மலை காவல். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது பாளையங்கோட்டையில் புழுதிக்காற்று அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை மட்டும்தான் இங்கே கண்டம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அம்பாசமுத்திரம் பாளையங்கோட்டை இல்லை. மலையடிவாரம், சுற்றிலும் வயல், தாமிரபரணிக் கால்வாய்கள். வெறும் வெயில்தான் காரணம் என்றால் உங்கள் பாக்கார்ட் இவ்வளவு நன்றாக இருந்திருக்க நியாயமில்லை. அதனால் நான் முதலில் கேட்பது, கொட்டகை எப்படி இருந்தது?

நான் பார்த்த நல்ல கார்கள் எல்லாம் வில்வண்டிக் கொட்டகையில் நின்றவை. வண்டிக்கும் மாட்டுக்கும் கட்டிய கொட்டகை அது. சுண்ணாம்புச் சுவர், பனங்கை போட்டு நாட்டு ஓடு வேய்ந்த கூரை, கல் பாவிய தரை, ஒரு பக்கம் மரக்கதவு. காருக்காக யாரும் யோசித்துக் கட்டவில்லை, ஆனால் காருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். நாட்டு ஓட்டின் இடுக்கு வழியே காற்று போய் வரும். கல் தரையில் மண்ணிலிருந்து ஈரம் ஏறுவதும் கறையான் ஏறுவதும் குறைவு. 1960களுக்குப் பிறகு சிமென்ட் பூசி, ஆஸ்பெஸ்டாஸ் போட்டுக் கட்டிய 'கார் ஷெட்'களில் பகலில் வேகும், விடியற்காலை தகட்டில் வியர்க்கும். அதைவிட மோசம், நல்ல எண்ணத்தோடு தார்ப்பாயை இறுக்கி மூடுவது. உள்ளே போன ஈரம் வெளியே வராது. பத்தமடைப் பாயை மேலே போட்டு வைத்திருந்த ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். எலி கொறித்திருந்ததே தவிர, அடியில் பெயின்ட் அருமையாக இருந்தது.

வெயில் நல்லது மட்டும் செய்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வறண்ட சூடு இரும்புக்கு நல்லது, தோலுக்கும் ரப்பருக்கும் மரப் பலகைக்கும் கெட்டது. தோல் காய்ந்து ஏரி வறண்டதுபோல வெடிக்கும். நேர் வெயில் பட்டால் கருநீலம் சாம்பலாகிவிடும். வறட்சியும் வேண்டும், இருட்டும் வேண்டும். வெளியில் நின்ற கார் நம் ஊரில் துருப்பிடிக்காமல் இருக்கலாம், அசலாக இருக்காது.

ஒரே ஆளுக்குச் சொந்தமான கார்களில்கூட இடம் எப்படித் தலைவிதியை மாற்றும் என்பதற்கு பிரான்ஸில் நல்ல உதாரணம் உண்டு. பாயோன் என்கிற போக்குவரத்துத் தொழிலதிபர் நிறையக் கார்களைச் சேர்த்து ஒரு பண்ணையில் வைத்திருந்தார். தொழில் நொடித்தபின் பல விற்றுப்போக, மிஞ்சிய அறுபது கார்கள் அளவுக்கு அப்படியே கிடந்து, 2014இல் வெளியே தெரிந்தன. திறந்த தகரச் சாய்ப்பில் நின்றவை கூடாகிவிட்டிருந்தன. மூடிய அறைக்குள், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த 1961ஆம் வருஷத்து ஃபெராரி ஒன்று, 2015 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் ஒன்றரைக் கோடி யூரோவுக்கு மேல் போனது. அந்த அறைக்கும் அந்தச் சாய்ப்புக்கும் இடையில் இருந்தது கொஞ்ச தூரம்தான்.

இனி ஊகம் கலந்த பகுதி. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். கார் கெடாமல் இருக்க வேண்டுமானால் அது நிறுத்தப்பட வேண்டும். நிறுத்தும்போது நல்ல நிலையில் இருந்திருக்கவும் வேண்டும். ஓடி ஓடித் தேய்ந்து, இனி ஓடாது என்று நிறுத்திய கார் எங்கே வைத்தாலும் குப்பைதான். அப்படியானால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த விலையுயர்ந்த காரை ஒரு மனிதர் ஏன் நிறுத்துகிறார்?

நம் பக்கத்தில் இதற்குச் சரித்திரமே பதில் சொல்கிறது. போர்க் காலத்தில் பெட்ரோல் ரேஷன். பின்னால் கரி வாயு அடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ் ஓடிய காலம் அது. அப்புறம் 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம், 1961இல் நில உச்சவரம்புச் சட்டம். நடுவில், 1950களின் மத்தியில், இந்தியாவில் கார் பூட்டிக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. வெளிநாட்டுக் காருக்கும் அதன் உதிரிபாகத்துக்கும் வழி அடைபட்டது. 1973இல் எண்ணெய் நெருக்கடி. எட்டு சிலிண்டர் பாக்கார்ட் லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிசு. நிலம் போன வீட்டில் அதற்கு யார் பெட்ரோல் ஊற்றுவார்கள்? விற்கவும் மனசு வராது. ஊரில் எல்லாரும் 'அந்த வீட்டுப் பிளசர்' என்று அடையாளம் சொல்கிற வண்டி. அதை விற்றால் வீடு விழுந்துவிட்டது என்று தண்டோரா போட்டமாதிரி. அதனால் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு அம்பாசடரில் ஏறிக்கொண்டார்கள்.

இங்கேதான் சொகுசுக் காரும் சாதாரணக் காரும் பிரிகின்றன. சாதாரண ஃபோர்டு, செவர்லே கார்களுக்கு உதிரிபாகம் கிடைத்துக்கொண்டே இருந்தது. கிடைக்காவிட்டால் லேத்தில் போட்டுக் கடைந்துவிடுவார்கள். ஆகவே அவை விடாமல் ஓடின. டாக்சியாகி, டீசல் இன்ஜின் ஏற்றி, கடைசியில் பின்பக்கத்தை அறுத்துப் பிக்கப் ஆக்கி, முழுக்கத் தேய்ந்துதான் செத்தன. பயன்பட்டதே அவற்றுக்கு எமன். ரோல்ஸ் ராய்ஸை, பாக்கார்டை, டெய்ம்லரை யார் டாக்சியாக ஓட்டுவார்கள்? ஒரு சின்னப் பாகம், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி விரிசல் விட்டாலோ பின் அச்சுக் கம்பி ஒடிந்தாலோ போதும், வண்டி நின்றுவிடும். மற்ற எல்லாம் புதுசுபோல இருக்கும்போதே நிற்கும். ஒரு காரை நான் திறந்தபோது, இருபது வருஷம் அது நின்றதற்குக் காரணம் உள்ளங்கை அளவு பாகம் ஒன்றுதான் என்று தெரிந்தது. அந்தப் பாகம் அன்றைக்கே கிடைத்திருந்தால் அந்தக் கார் இன்று இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

இன்னொரு காவல்காரன் உண்டு. நம் மாவட்டத்துக்காரர்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும். அது பாகப்பிரிவினை வழக்கு. எனக்குத் தெரிந்து இரண்டு கார்கள் அப்படித் தப்பியவை. சொத்துப் பட்டியலில் தோட்டம், வயல், நகை, கடைசியில் 'மோட்டார் கார் ஒன்று' என்று எழுதியிருக்கும். அண்ணன் எடுத்தால் தம்பி தடை வாங்குவான். யாரும் ஓட்ட முடியாது, விற்க முடியாது, ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்ற முடியாது. வழக்கு முடிவதற்குள் வழக்காடியவர்களே போய்விட்டார்கள். கார் மட்டும் நின்றது. பணக்கார வீட்டில் ஒற்றுமை இருந்தால் அடுத்த தலைமுறை புதுக் கார் வாங்கும், பழையதைத் தள்ளிவிடும். சண்டை இருந்தால் பழையது பிழைக்கும்.

நிறுத்தியவர் யார் என்பதும் முக்கியம். பழைய டிரைவர்கள் கையில் ஒரு ஒழுங்கு இருந்தது. தண்ணீரை வடித்து, டயர் நசுங்காமல் அச்சுக்கு அடியில் பனங்கட்டை கொடுத்து, பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். பேட்டரி கழற்றப்பட்டது பல வீடுகளில் காரின் நன்மைக்காக அல்ல, கரண்ட் வராத ஊரில் ரேடியோ கேட்க. எதற்காக இருந்தால் என்ன, அமிலம் ஒழுகி அடித்தகட்டைத் தின்னவில்லை. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டில் வயசான டிரைவர் ஒருவர் இருந்தார். பானெட்டைத் திறக்கப் போன என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, இத எப்படி இத்தன வருசம் காப்பாத்துனேன்னு எல்லாரும் கேக்காவ. நான் ஒண்ணும் செய்யல. ஒண்ணும் செய்யாம இருந்தேன், அவ்வளவுதான்" என்றார். "அண்ணாச்சி, ஒருக்கா இன்ஜினைச் சுத்திப் பாக்கவா?" என்றேன். "அதுக்குத்தான் ஒன்னைய விடாம பிடிச்சிருக்கேன்" என்றார்.

அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. பொத்திப் பொத்தி வைத்ததாலா என்று கேட்டீர்களே, அதற்கும் இதுதான் பதில். பொத்தி வைத்த வீடுகளில் கார் உயிரோடு இருக்கும், அசலாக இருக்காது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பாலீஷ், தீபாவளிக்குச் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய், கல்யாணத்துக்குக் கல்யாணம் பெயின்ட். தேங்காய் எண்ணெய் தோலைக் கருக்கும், சிக்கு வாடை பிடிக்கும், எலிக்கு அழைப்பு வைக்கும். இங்கிலாந்தில் கோஸ்ஃபோர்த் என்ற ஊரில் ஒரு எலும்பு மருத்துவர் 1937ஆம் வருஷத்து புகாட்டி கார் ஒன்றை 1955இல் வாங்கி, 1960களின் தொடக்கத்தில் வீட்டு கராஜில் நிறுத்தியவர், அப்புறம் எடுக்கவே இல்லை. அவர் காலமான பிறகு 2009இல் பாரிஸில் அது 30 லட்சம் யூரோவுக்கு மேல் விலை போனது. அவர் அதை ஆண்டுக்கொரு முறை மெருகேற்றியிருந்தால் அந்த விலைக்குப் போயிருக்குமா என்பது சந்தேகம்தான்.

பெயின்டைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடைசிக் கேள்வி அதில்தான் இருக்கிறது. நம் பட்டறைகளில் இன்றைக்கும் 'டூகோ' என்கிறோமே, அது அமெரிக்காவின் டியூபாண்ட் கம்பெனி 1920களில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் பெயர். அதற்கு முன்னால் வார்னிஷ் மாதிரி பூசிக் காரைக் காயப்போட வாரக்கணக்கில் ஆகும். லாக்கர் சட்டென்று காயும். ஆனால் தானாகப் பளபளக்காது, தேய்த்துத்தான் பளபளப்பு வரும். படலமும் மெல்லிசு. ஒவ்வொரு முறை காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை போட்டுத் தேய்க்கும்போதும் ஒரு துளி பெயின்ட் துணியோடு வந்துவிடும். துணியில் காரின் நிறம் ஒட்டுகிறதென்றால் அழுக்கு போகிறது என்று சந்தோஷப்படக் கூடாது, கார் போகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டறை தொடங்கிய புதிதில் 1936ஆம் வருஷத்துக் கார் ஒன்று வந்தது. மங்கிய கறுப்பு. முதலாளி 'கொஞ்சம் மினுக்கிக் கொடு' என்றார். புதிதாக வாங்கிய பாலீஷ் மிஷினைக் காட்ட எனக்கும் ஆசை. பானெட்டின் விளிம்பில் இரண்டு சுற்று, அடியில் இருந்த பிரைமர் தெரிந்துவிட்டது. அதை மறைக்க பானெட்டுக்குப் பெயின்ட் அடித்தேன். பானெட் ஒரு கறுப்பு, பாடி வேறு கறுப்பு. சரி என்று முழுக் காருக்கும் அடித்தேன். அரை நூற்றாண்டு நின்ற பெயின்டை ஒரே வாரத்தில் முடித்துவைத்தேன். முதலாளிக்கு மகா சந்தோஷம், கூட நூறு ரூபாய் கொடுத்தார். அந்த நூறு ரூபாயை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நீங்கள் பார்த்தது நிஜமாகவே அசல் பெயின்ட்தானா என்று பார்க்கச் சில இடங்கள் உண்டு. கதவு ரப்பர் பீடிங்கின் மடிப்பில், ஸ்டெப்னி வைக்கும் குழியில், டேஷ்போர்டின் அடியில் நிறத்தைப் பாருங்கள். வெளியே ஒரு நிறம், அங்கே வேறு நிறம் என்றால் கதை முடிந்தது. ரப்பரிலும் ஒயரிலும் பெயின்ட் தூவல் படிந்திருந்தால் யாரோ ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். ஸ்குரூ தலைகளைப் பாருங்கள். பிளஸ் மாதிரி குறுக்கு வெட்டு உள்ள பிலிப்ஸ் ஸ்குரூ கார்த் தொழிலில் 1936 வாக்கில்தான் நுழைந்தது. அதற்கு முந்தைய காரில் அது இருந்தால் பிற்காலத்துக் கை பட்டிருக்கிறது. ஒற்றைக் கோடு போட்ட ஸ்குரூக்களின் வாய் நசுங்காமல் இருந்தால், அதை யாரும் கழற்றவே இல்லை. எனக்கு ஒரு காரின்மேல் மரியாதை வருவது அந்த நசுங்காத ஸ்குரூவைப் பார்க்கும்போதுதான்.

உலகமும் இந்தப் பக்கம் திரும்பி வெகுகாலம் ஆகவில்லை. கலிபோர்னியாவின் பெப்பிள் பீச் போட்டி, பழைய காரை மின்ன மின்னப் புதுப்பிப்பவர்களின் கோயில் என்று பேர் வாங்கியது. அங்கேயே மாறாத கார்களுக்கென்று தனிப் பிரிவு வந்தது 2001இல்தான். நம் நாட்டில் 2021 ஜூலையில் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், ஐம்பது வயதைத் தாண்டிய, அசல் வடிவத்தில் உள்ள, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனத்துக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் தருகிறது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு எடுக்கலாம். அந்த வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 'பெரிய மாற்றம்' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள்.

காரை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை கல்யாண வீட்டில் கண்டிப்பாக வரும், தடுத்துவிடுங்கள். பழைய பெட்ரோல் கோந்தாகி டேங்கிலும் கார்புரேட்டரிலும் படிந்திருக்கும். முதலில் பிளக்கைக் கழற்றி மெல்லிய எண்ணெயை ஊற்றி நாள்கணக்கில் ஊறவிட்டு, கைப்பிடி போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலை அந்தக் காலத்து ரப்பரும் கார்க்கும் தாங்காது, ஓட்டத்தான் வேண்டும் என்றால் பெட்ரோல் பம்ப்பின் டயாபிரமும் (ரப்பர் தகடு) குழாய்களும் மாற்றியாக வேண்டும். 1937 முதல் வந்த பாக்கார்ட் எல்லாவற்றிலும் ஹைட்ராலிக் பிரேக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் பிரேக். நின்ற காரில் அந்த எண்ணெய் ஈரம் குடித்து வீல் சிலிண்டரை இறுக்கியிருக்கும். தள்ளிப் பார்க்கிறேன் என்று பத்துப் பேர் சேர்ந்து தள்ளினால் எது ஒடியும் என்று சொல்ல முடியாது. பேட்டரி ஆறு வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பிளஸ் முனை காரின் பாடியோடு சேரும். அம்பாசடர் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினால் ஒயர் புகையும்.

பெயின்ட் கேள்விக்கு வருகிறேன். அடிக்க வேண்டாம். வெடிப்பும் மங்கலும் இருந்தாலும் அடிக்க வேண்டாம். புதுப் பெயின்டை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், பழையதைத் திரும்ப வரவழைக்க எந்தப் பட்டறையாலும் முடியாது. மாப்பிள்ளைக்கு அந்தக் கார் வேண்டும் என்று வீட்டார் பிடிவாதம் பிடித்தால், கொட்டகைக்கு வெள்ளையடித்து, நல்ல விளக்குப் போட்டு, காரை நின்ற இடத்திலேயே வைத்துப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தூசியை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டாம், புழுதி மணல் கீறிவிடும். மெல்லிய பிரஷ்ஷால் ஊதியபடி தட்டினால் போதும். மாலையைப் பானெட்டில் போடும்போது அடியில் ஒரு காடாத் துணியை விரித்துக்கொள்ளுங்கள், பூவின் ஈரம் லாக்கரில் வெள்ளைக் கறையாகப் பதியும். கதவின் அடிவிளிம்பையும் ஸ்டெப்னிக் குழியையும் படம் எடுத்துப் போட்டீர்களானால், என்ன வருஷம், எவ்வளவு அசல் என்று பார்த்துச் சொல்கிறேன்.